வின்ச்சுக்கு எந்த ரோப்: சிந்தெடிக்கா, ஸ்டீலா?

சிக்கிய வண்டியை ரோப் சுற்றி இழுக்கும் மோட்டார் கருவிதான் வின்ச். அதற்கு ரோப் வாங்கும்போது 'எது அதிகப் பளு தாங்கும்?' என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். 9,500 பவுண்டு, அதாவது சுமார் 4,300 கிலோ இழுக்கும் வின்ச்சுக்கு இரண்டுமே போதும். 9.5 மி.மீ. ஸ்டீல் கேபிள் ஏறத்தாழ 6.5 டன்னில் அறும். நல்ல 10 மி.மீ. சிந்தெடிக் (செயற்கை இழை) ரோப் அதையும் தாண்டும். ஆகவே சூடு, உரசல், பராமரிப்பு இந்த மூன்றையும் வைத்து முடிவெடுங்கள்.

முதலில் பிரேக் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான எலக்ட்ரிக் வின்ச்சுகளில் அது டிரம்முக்கு, அதாவது ரோப் சுற்றும் உருளைக்கு உள்ளேயே இருக்கும். வண்டியை இழுத்து ஏற்றும்போது பிரச்சினை இல்லை. மோட்டாரை ஓட்டிச் சரிவில் மெதுவாக இறக்கும்போதுதான் பிரேக் உரசி டிரம் கொதிக்கும். சிந்தெடிக் இழை 150 டிகிரிக்குள் உருகிவிடும், 70-ஐத் தாண்டினாலே பலம் குறையத் தொடங்கும். அடிக்கடி இப்படி இறக்குபவர்கள் ஸ்டீலே போடலாம், அல்லது பிரேக் டிரம்முக்கு வெளியே உள்ள வின்ச்சை வாங்கலாம்.

அடுத்து தரை. கூர்மையான பாறையில் ரோப் உரசியபடி இழுபட்டால் சிந்தெடிக் நிமிடங்களில் நைந்துவிடும். உரசும் இடத்தில் உறை மாட்டியே ஆகவேண்டும். சேறும் மணலும் இழைகளுக்குள் புகுந்து உள்ளிருந்தே அறுக்கும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் முழுவதும் பிரித்து, வாளித் தண்ணீரில் அலசி, நிழலில் காய வையுங்கள். இந்த வேலைக்குச் சோம்பல்படுபவருக்கு சிந்தெடிக் வேண்டாம்.

ஸ்டீலின் தொல்லை வேறு மாதிரி. அறுந்த ஒற்றைக் கம்பி மீசை போல நீட்டிக்கொண்டிருக்கும். தோல் கையுறை இல்லாமல் பிடித்தால் உள்ளங்கை கிழியும். ஒருமுறை முறுக்கி மடங்கிய இடம் நேராக்கினாலும் பழைய பலத்துக்குத் திரும்பாது. கேபிளையே மாற்ற வேண்டியதுதான். எடையும் கூடுதல்: 28 மீட்டர் ஸ்டீல் சுமார் 10 கிலோ, சிந்தெடிக் 2 கிலோவுக்குள். அறுந்தால் அந்த எடைதான் சாட்டையாகத் திரும்பி வரும். சிந்தெடிக் அவ்வளவு வேகத்தோடு வராது. ஆனால் கட்டிய மரமோ கொக்கியோ பிடுங்கிக்கொண்டால் இரும்புக் கொக்கி பறக்கும், ஆகவே எந்த ரோப்பானாலும் நடுவில் ஈரச் சாக்கையாவது போடுங்கள்.

ஸ்டீலிலிருந்து மாறும்போது பழைய ரோலர் ஃபேர்லீடை (ரோப் வின்ச்சுக்குள் நுழையும் வாயில் அதை வழிநடத்தும் உருளைச் சட்டம்) அப்படியே விடாதீர்கள். கேபிள் அதில் பதித்த வரிகளும் பிசிறுகளும் புது ரோப்பை ரம்பம் போல அறுக்கும். வழவழப்பான அலுமினிய ஃபேர்லீட் மாட்டுங்கள். டிரம்மில் பிசிறு இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள். முதல் சுற்றைக் கையால் சும்மா சுற்றிவிடக் கூடாது. ஹேண்ட்பிரேக்கை லேசாகப் பிடித்தபடி வண்டியையே மெதுவாக இழுக்க விட்டு இறுக்கமாகச் சுற்றுங்கள். தளர்வாக இருந்தால் பளு வந்ததும் மேல் அடுக்கு கீழ் அடுக்குக்குள் புதைந்து சிக்கும். இழுக்கும்போது டிரம்மில் ஸ்டீலுக்குக் குறைந்தது 5 சுற்று, சிந்தெடிக்குக்கு 8 முதல் 10 சுற்று மிச்சம் இருக்கட்டும். டிரம்மில் ரோப்பைப் பிடித்திருக்கும் போல்ட் பளு தாங்காது, அந்தச் சுற்றுகளின் உராய்வுதான் தாங்குகிறது.

காட்டில் சிந்தெடிக் அறுந்தால் முடிச்சுப் போடாதீர்கள். வழுக்கும், இறுகினாலும் பாதி பலம் போய்விடும். ஒரு முனையை மற்றொன்றின் உள்ளே செலுத்திப் பின்னுங்கள். 10 மி.மீ. ரோப்புக்கு இருபுறமும் 72 செ.மீ. வீதம் உள்ளே போகவேண்டும்.