முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சைக்குச் சென்னை போகுமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சைக்காகச் சென்னை, வேலூர், கோயம்புத்தூர் என்று போகிறவர்களின் கணக்குப் பிழைப்பது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: மதிப்பீடு கேட்கும்போது, திரும்பும் திகதி குறிக்கும்போது.

எம்ஆர்ஐ அறிக்கையின் கடைசிப் பந்தியை மட்டும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "எவ்வளவு முடியும்?" என்று கேட்பது முதல் தவறு. எல்4-எல்5இல் (நாரியின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு நடுவில்) டிஸ்க், அதாவது எலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை, பிதுங்கல் என்று அதில் இருக்கும். நாரி நோவே இல்லாத 40 வயதுக்காரர்களை ஸ்கான் செய்தாலும் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அப்படித்தான் எழுதி வரும். எந்தக் காலில் நோ, பெருவிரல் வரை இறங்குகிறதா, பாதத்தைத் தூக்க முடிகிறதா என்று தெரியாமல் தொகை சொல்கிறவர் வைத்தியம் பேசவில்லை, வியாபாரம் பேசுகிறார்.

எம்ஆர்ஐ படுத்த நிலையில் எடுக்கப்படுவது. ஒரு முள்ளெலும்பு மற்றதன் மேல் வழுக்குவது பல வேளைகளில் நின்றால், குனிந்தால்தான் வெளிப்படும். டிஸ்க் துண்டை மட்டும் எடுக்கும் மைக்ரோ டிஸ்கெக்டமிக்கு மதிப்பீடு வாங்கிப் போனவருக்கு அங்கே எக்ஸ்ரேயில் வழுக்கல் தெரிந்தால், திட்டம் ஃபியூஷனாக, அதாவது அந்த முள்ளெலும்புகளை ஒன்றாக ஒட்டவைப்பதாக, மாறிவிடலாம். ஒரு மட்டத்துக்கு (ஒரு சோடி முள்ளெலும்புக்கு)ப் பொதுவாக நான்கு டைட்டேனியத் திருகாணி, இரண்டு கம்பி, நடுவில் டிஸ்க் இருந்த இடத்தில் வைக்கும் ஒரு கேஜ். பில் மடங்காவது இந்த இடத்தில்தான். ஆகவே ஊரிலேயே நின்றபடி, முன்னே குனிந்தபடி, பின்னே வளைந்தபடி என்று மூன்று பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்து, எம்ஆர்ஐயின் முழு டைகொம் கோப்புகளோடு (ஸ்கான் படங்களின் மூலக் கணினிக் கோப்புகள்) இரண்டு ஆஸ்பத்திரிகளுக்காவது அனுப்புங்கள். ஸ்கான் ஆறு மாதத்துக்கு மேல் பழையதென்றால் பெரும்பாலும் திரும்ப எடுக்கச் சொல்வார்கள்.

கூடவே ஒரு கேள்வி: "செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?" டிஸ்க் பிதுங்கி வரும் கால் நோ 6 முதல் 12 வாரத்துக்குள் பெரும்பாலானோருக்குத் தானே தணிகிறது. கால் நோ இல்லாமல் நாரி நோ மட்டும் உள்ளவருக்கு ஃபியூஷன் தரும் பலன் அவ்வளவு நிச்சயமில்லை. இதைச் சொல்லத் தயங்கும் சத்திரசிகிச்சை நிபுணரிடம் போகாதீர்கள். மாறாக, சிறுநீர் போகாமல் அடைத்தாலோ, மலம் அறியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ, விசாவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அன்றிரவே அருகிலுள்ள பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே காசும் இல்லை. தாமதித்தால் திரும்பாத பாதிப்பு அது.

தரகர் மூலம் போவதில் தனியாக ஒரு தொல்லை: அவருக்குக் கமிஷன் வரும் இடத்துக்கே உங்களை அனுப்புவார். என்ஏபிஎச் (இந்திய), ஜேசிஐ (சர்வதேச) என்ற ஆஸ்பத்திரித் தரச் சான்றிதழ்கள் கட்டடத்துக்கும் நடைமுறைக்கும் உரியவை. கத்தி பிடிப்பவரின் கைத்திறனைச் சொல்லாதவை. எலும்பியல் நிபுணரானாலும் நரம்பியல் அறுவை நிபுணரானாலும் முள்ளந்தண்டில் தனிப் பயிற்சி உண்டா, இதே சத்திரசிகிச்சையை மாதம் எத்தனை செய்கிறார் என்று கேளுங்கள்.

"பெக்கேஜ்" என்ற ஒரு சொல்லை நம்பிப் பணம் கட்டாதீர்கள். திருகாணி, கேஜ் உள்ளே அடங்குமா, எந்த நாட்டுத் தயாரிப்பு, ஐசியுவில் எத்தனை நாள், நாள் கூடினால் என்ன கட்டணம் என்பவை எழுத்தில் வேண்டும். பல தனியார் ஆஸ்பத்திரிகளில் அறையின் தரம் கூடினால் அறை வாடகை மட்டும் கூடாது. சத்திரசிகிச்சைக் கட்டணமும் பரிசோதனைக் கட்டணமும் சேர்ந்தே ஏறும். ஐசியு தவிர்ந்த அறை நாளுக்கு 5,000 இந்திய ரூபாவைத் தாண்டினால் வாடகையில் 5 வீதம் ஜிஎஸ்டி வரி வேறு. இருவர் படுக்கும் அறை போதும்.

பையில் காசைக் கட்டிக்கொண்டு போவது அடுத்தது. ஒரு சிகிச்சைக்கு ஒருவரிடமிருந்து 2 லட்சம் இந்திய ரூபாவோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க இந்திய வருமானவரிச் சட்டம் இடம் தருவதில்லை. நாள் பிரித்துக் கட்டினாலும் ஒரே சிகிச்சை என்றால் ஒரே கணக்குத்தான். மதிப்பீட்டுக் கடிதத்தைக் காட்டி வங்கி மூலம் அனுப்பத் தொடங்குங்கள்; சில நாட்கள் எடுக்கும். 5,000 அமெரிக்க டொலருக்கு மேல் நோட்டாகக் கொண்டுபோனால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும்.

சுற்றுலா விசாவில் போய்ச் சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம். ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு மருத்துவ இ-விசா எடுங்கள்: 60 நாள், மூன்று முறை உள்நுழையலாம், துணைக்கு இருவர் தனி விசாவில் வரலாம்.

ஃபியூஷன் என்றால் புகைத்தலை நான்கு வாரத்துக்கு முன்பாவது நிறுத்த வேண்டும். வெற்றிலையோடு போடும் புகையிலையும் சேர்த்தித்தான், நம்மவர்கள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. நிக்கொட்டின் எலும்பு ஒட்டுவதைத் தடுக்கும். ஒட்டாத இடத்தில் திருகாணி தளரும். குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை எப்போது நிறுத்துவது என்று இதய வைத்தியரிடமும் எழுதி வாங்குங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்க்காமல் டிக்கெட் போடக் கூடாது. அது உயர்ந்திருந்தால் அங்கே போய் வாரக்கணக்கில் லொட்ஜ் வாடகை கட்டிக்கொண்டு காத்திருக்க நேரும்.

லொட்ஜில் கொமட் இருக்கிறதா, லிஃப்ட் ஓடுகிறதா, கட்டில் முழங்கால் உயரமாவது வருகிறதா என்று முதலே பாருங்கள். குந்தி இருக்கும் கக்கூஸும் தரையில் பாயும் புதிய தையலுக்கு ஆகாது. ஓட்டோ வேண்டாம், காரில் போய்வாருங்கள்.

இனித் திரும்பும் திகதி. டிஸ்கெக்டமிக்குப் பின் ஒன்று இரண்டு வாரத்திலும் ஃபியூஷனுக்குப் பின் நான்கு முதல் ஆறு வாரத்திலும் பறக்க விடுவது பொதுவான வழக்கம். காயத்தில் கிருமி பிடித்தால் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம், நான்காம் வாரத்தில்தான் வெளியே தெரியும். ஏழாம் நாள் மலிவு டிக்கெட்டில் வீடு வந்தவருக்குச் சீழ் கட்டும்போது வெட்டியவர் கடலுக்கு அப்பால் இருப்பார். எழுந்து உட்கார்ந்தால் தலையிடி, படுத்தால் குறைவு, கட்டு தெளிந்த நீரால் நனைகிறது என்றால் முள்ளந்தண்டு நீர் கசிகிறது. அந்த நிலையில் விமானம் ஏறவே கூடாது. திகதி மாற்றக்கூடிய டிக்கெட்டுக்குக் கூடக் கொடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

யாழ்ப்பாணத்தவர் கொழும்பில் இறங்கினால் இன்னும் 400 கிலோமீற்றர் தரைப்பயணம். பலாலி நல்லது. ஆனால் அங்கே வருவது சிறிய ஏடிஆர் விமானம். தரையிலிருந்து படியேறவும் இறங்கவும் வேண்டும். சக்கர நாற்காலியும் தூக்கிவிட ஆளும் டிக்கெட் போடும்போதே கேளுங்கள்.

டிஸ்சார்ஜ் சுருக்கம் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். சத்திரசிகிச்சைக் குறிப்பு, அதன் பின் எடுத்த எக்ஸ்ரேயின் கோப்பு, மருந்துகளின் பொதுப் பெயர்கள், திருகாணிப் பெட்டியின் ஸ்டிக்கர்கள் ஆகிய நான்கும் வேண்டும். இங்கே தொடர்ந்து பார்க்கப்போகும் வைத்தியர் முதலில் கேட்பது அந்த ஸ்டிக்கரைத்தான்: எந்த நிறுவனம், எந்த அளவு என்று தெரியாவிட்டால், பின்னொரு நாள் ஒரு திருகாணியைக் கழற்ற நேர்ந்தால் பொருத்தமான கருவியைத் தேடுவதே பெரும்பாடாகிவிடும்.