மலிவு விலை லேப்டாப் வாங்கும்போது பேட்டரியையும் சேர்த்துப் பாருங்கள்

மகள் பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போகிறாள், ஐநூறு வெள்ளிக்குள் ஒரு லேப்டாப் முடியுமா, அப்படியே வீட்டில் இருக்கும் பழைய கணினியைக் கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் ஒரு யூபிஎஸ்ஸும் பார்த்துச் சொல்லுங்கள் என்று சிங்கப்பூரில் கேட்பவர்கள் இப்போதெல்லாம் அதிகம். 2025 கடைசியில் மெமரி விலை உலகம் முழுக்க ஏறியது, புதிய லேப்டாப்பின் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டுப் பழையதைத் தேடி வருகிறார்கள். நான் எல்லாருக்கும் சொல்வது ஒன்றுதான். அலுவலகங்கள் கழித்துப்போட்ட நல்ல லேப்டாப் ஒன்றை, பேட்டரி தெம்பாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். தனியாக யூபிஎஸ் தேவைப்படாது, லேப்டாப்பின் பேட்டரியே அந்த வேலையைச் செய்துவிடும்.

கடைக்குப் போவதற்கு முன்பு உதவி கிடைக்குமா என்று விசாரித்துவிடுங்கள். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளி வழியாகவே கருவி வருகிறது, பிள்ளைகளின் படிப்புக்கு அரசாங்கம் பணம் போடும் எடுசேவ் கணக்கிலிருந்து கட்டலாம், வசதி குறைந்த குடும்பங்களுக்கு அதற்கு மேலும் உதவி உண்டு. வருமானம் குறைந்த வீடுகளுக்கு ஐஎம்டிஏ என்ற அரசு அமைப்பு நடத்தும் டிஜிட்டல் அக்செஸ் அட் ஹோம் திட்டத்தில் இணையமும் கருவியும் சலுகை விலையில் கிடைக்கும். என்ஜினியரிங் குட் என்ற தொண்டு அமைப்பு, நன்கொடையாக வரும் பழைய லேப்டாப்களைச் சரிசெய்து தேவைப்படுவோருக்குக் கொடுக்கிறது. கேட்கக் கூச்சப்பட வேண்டாம், இதெல்லாம் நமக்காக இருப்பதுதான்.

சரி, காசு கொடுத்துத்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் முதலில் பார்க்க வேண்டியது சிப்பின் எண். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏற வேண்டுமானால் இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருக்க வேண்டும். ஐ5-8250யூ என்று இருந்தால் கோட்டுக்குப் பின்னால் வரும் 8 தான் தலைமுறை. ஐ5-7200யூ என்றால் ஏழு, அதை விட்டுவிடுங்கள். இந்த ஒரு எண்ணால்தான் ஒரே மாதிரி தோன்றும் இரண்டு லேப்டாப்களில் ஒன்று பாதி விலைக்கு வருகிறது, விவரம் தெரியாதவர்கள் அதைத்தான் எடுத்துவிடுகிறார்கள். ஏற்கெனவே ஏழாம் தலைமுறையை வாங்கிவிட்டிருந்தால் தூக்கிப்போட வேண்டாம், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு இன்னும் சில வருடங்கள் நிம்மதியாக ஓட்டலாம்.

லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 7490, எச்பி எலைட்புக் 840 ஜி5, இந்த மூன்றும் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையில் வந்தவை, நிறுவனங்கள் மொத்தமாக வாங்கிப் பயன்படுத்தியவை, அதனால் உதிரிப் பாகம் கிடைப்பதும் எளிது. 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி இருந்தால் படிப்புக்கும் அலுவலக வேலைக்கும் போதும். புதியது என்ற ஆசையில் 4 ஜிபி ராமும் போர்டோடு ஒட்டிய 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பும் உள்ள மலிவு லேப்டாப்பை மட்டும் எடுக்காதீர்கள், விண்டோஸ் அப்டேட் வந்தாலே அது மூச்சு வாங்கும், பின்னால் எதையும் கூட்டவும் முடியாது.

அடுத்தது பேட்டரி. போன வருடம் பக்கத்துப் புளோக் அக்கா ஒருவருக்காக இணையத்தில் விளம்பரம் போட்டிருந்த ஒருவரிடம் பேசினேன். எட்டாம் தலைமுறைதான், விலையும் நன்றாக இருந்தது. ஆனால் பிளக் இருக்கும் இடமாகப் பார்த்துச் சந்திக்கலாம் என்று இரண்டு முறை சொன்னார். எனக்கு அது உறுத்தியது, எங்கள் புளோக் கீழ்த்தளத்துக்கே வரச் சொன்னேன், அங்கே பிளக் கிடையாது. வந்தார், கல் மேசையில் வைத்துத் திறந்தோம், 97 விழுக்காடு சார்ஜ் என்று காட்டியது. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று ஒட்டியே தட்டினேன் (எல்லாம் ஆங்கில எழுத்தில்தான்). ஒரு கோப்பு உருவாகும், அது இருக்கும் இடத்தையும் திரையிலேயே சொல்லும். அதில் டிசைன் கெப்பாசிட்டி 60,000, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி 32,400. அதாவது பேட்டரியில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் உயிர் இருக்கிறது, 97 என்று காட்டுவது அந்த மிச்சத்தில் 97. புது பேட்டரிக்கு ஆகும் பணத்தைக் கழித்துக் கேட்டேன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை, வாங்காமல் வந்துவிட்டோம். அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. மூன்று வாரம் கழித்து வேறொருவரிடம் அதே மாடல், 88 விழுக்காடு உயிரோடு கிடைத்தது, இன்றுவரை அவள் மகள் அதைத்தான் தூக்கிக்கொண்டு போகிறாள்.

என் கணக்கு இப்படி: 80க்கு மேல் இருந்தால் தயங்காமல் எடுக்கலாம், 60க்குக் கீழே என்றால் புது பேட்டரியின் விலையையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, மூடி சமமாக உட்காராமல் இருந்தாலோ உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம், அதைத் தொடவே வேண்டாம். அங்கேயே இன்னொன்றும் செய்யுங்கள். போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, லேப்டாப்பை ரீசெட் செய்து, விண்டோஸை ஆரம்பத்திலிருந்து அமைத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி அலுவலக மின்னஞ்சல் கேட்டால், அது இன்னும் அந்த நிறுவனத்தின் பிடியில் இருக்கிறது என்று அர்த்தம். இதற்கு அரை மணி நேரத்துக்கு மேலேயே ஆகும், விற்பவர் அவசரப்படுத்தினால் நீங்கள் பொறுமையாகவே இருங்கள்.

சிம் லிம் ஸ்குவேர் மாதிரி இடங்களில் கடையில் வாங்கினால் விலை கொஞ்சம் கூடும், ஆனால் பாதுகாப்பும் கூடும். பழுதான பொருளை வாங்கியவரைக் காக்க 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த லெமன் சட்டம் பழைய பொருளுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் தெரியவரும் பழுது, விற்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும், இல்லை என்று காட்ட வேண்டியது கடையின் பொறுப்பு. பழையது என்பதால் இயல்பான தேய்மானத்துக்கு இது பொருந்தாது, அதனால் பேட்டரி விழுக்காட்டை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். தனி ஆளிடம் வாங்கினால் இந்தச் சட்டம் துணைக்கு வராது. சார்ஜரில் சேஃப்டி மார்க் முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய லேப்டாப்போடு ஏதோ ஒரு பெயரில்லாத சார்ஜரைக் கட்டிக்கொடுப்பது நடக்கிற விஷயம்.

இப்போது கரண்ட் விஷயத்துக்கு வருவோம். சிங்கப்பூரில் மின்தடை அபூர்வம். 2018 செப்டம்பர் 18 அதிகாலை ஏறக்குறைய 147,000 வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் நின்றபோதும் 38 நிமிடங்களில் எல்லாருக்கும் திரும்பிவிட்டது. நம் வீடுகளில் கரண்ட் போவது பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே சுவிட்ச் விழுவதால்தான். வாட்டர் ஹீட்டர் பழசாகியிருக்கும், கெட்டிலின் அடியில் ஈரம் இறங்கியிருக்கும், 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கசிந்தாலே மின்பெட்டியில் இருக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் வீடு முழுவதையும் அணைத்துவிடும். அது உயிரைக் காக்கத்தான் அப்படிச் செய்கிறது. ஆனால் இரவு பதினொன்றரைக்கு கட்டுரையை முடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் மேசைக் கணினியும் அதோடு அணைந்துவிடும்.

அப்படி விழுந்தால் கையைத் துடைத்துக்கொண்டு மின்பெட்டிக்குப் போங்கள். எல்லாச் சின்ன சுவிட்சுகளையும் இறக்கிவிட்டு, ஆர்சிசிபியை மேலே தள்ளி, பிறகு சின்னவற்றை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது மறுபடி விழுகிறதோ அந்தப் பக்கம்தான் கோளாறு. அதை இறக்கியே வைத்துவிட்டு, உரிமம் பெற்ற மின் ஊழியரைக் கூப்பிடுங்கள். ஐந்து பத்து நிமிட வேலை. லேப்டாப்பில் வேலை செய்பவருக்கு இது நடந்ததே தெரியாது, வைஃபை போனதைத் தவிர.

வைஃபையை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். ஃபைபர் இணைப்பில் சுவரோரம் ஃபைபர் கம்பி வந்து சேரும் ஓஎன்டி பெட்டி ஒன்று, அதற்கப்புறம் ரவுட்டர், பல வீடுகளில் இரண்டு தனித்தனிப் பெட்டிகள், இரண்டுக்கும் கரண்ட் வேண்டும். பெரும்பாலும் 12 வோல்ட்தான், ஆனாலும் அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படித்து, அதே வோல்ட்டும் போதுமான ஆம்பியரும் தரும் சின்ன டிசி யூபிஎஸ் ஒன்றை வாங்கி இரண்டையும் அதில் மாட்டுங்கள். ஒன்றை மட்டும் மாட்டிப் பயனில்லை.

யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறும் லேப்டாப் என்றால் 45 அல்லது 65 வாட் தரும் பவர் பேங்க் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். 20,000 எம்ஏஎச் என்பது 74 வாட்-மணி, வழியில் இழப்பு போக 60 கைக்கு வரும், எழுத்து வேலைக்கு 12 வாட் எடுக்கும் லேப்டாப் அதில் ஐந்து மணி நேரம் ஓடும்.

மேசைக் கணினியை விட முடியாதவர்களுக்குத்தான் யூபிஎஸ். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 650 விஏ என்பதைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் சின்னதாக வாட் எவ்வளவு என்று இருக்கும், பல மாடல்களில் அது விஏவில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். கேம் விளையாடப் போடும் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியும் திரையும் சேர்ந்து 100 வாட் எடுத்தால் இந்த அளவு யூபிஎஸ் பத்து நிமிடம் போலத் தாங்கும். ஆர்சிசிபியை ஏற்றிவிட்டு வர அது போதும். யூஎஸ்பி கேபிளையும் கணினியில் மாட்டி, அதற்கான அமைப்பைச் செய்துவிட்டால் ஆள் இல்லாத நேரத்திலும் கணினி தானாக ஒழுங்காக அணையும். லேசர் பிரிண்டரையோ ஹேர் டிரையரையோ அதில் மாட்டவே கூடாது. மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள், நம் ஊர் வெக்கையில் உள்ளே இருக்கும் ஈய அமில பேட்டரி சீக்கிரம் செத்துவிடும், எப்படியும் மூன்று நான்கு வருடத்தில் மாற்ற வேண்டிவரும். மாதம் ஒருமுறை கோப்புகளைச் சேமித்துவிட்டு, சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம், பிடுங்கினால் எர்த் இணைப்பும் சேர்ந்து போய்விடும்.

லேப்டாப்பைத் தமிழ்நாட்டுக்கு எடுத்துப்போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பதினெட்டு வயது நிரம்பிய பயணி ஒருவர் ஒரு லேப்டாப்பை இந்தியாவுக்கு வரியில்லாமல் கொண்டுபோகலாம். சார்ஜர் இரண்டு நாட்டுக்கும் ஒன்றேதான், முனை மட்டும் வேறு, சுவரிலிருந்து அடாப்டர் வரை போகும் கம்பியை அங்கே சில நூறு ரூபாய்க்குள் மாற்றிக்கொள்ளலாம். பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். ஊரில் இன்வெர்ட்டர் இருந்தும் மேசைக் கணினி ஒவ்வொரு மின்வெட்டுக்கும் ரீஸ்டார்ட் ஆகிறது என்று அண்ணன் புலம்பினால், இன்வெர்ட்டரின் பின்பக்கத்தில் யூபிஎஸ், ஈகோ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது ஈகோவில் கிடக்கும், யூபிஎஸ் பக்கம் தள்ளச் சொல்லுங்கள்.