விக்கிப்பீடியாவின் ரோபோ கட்டுரைகளைப் பிழை நீக்கிச் செம்மைப்படுத்தும் முறை

விக்கிப்பீடியாவில் ரோபோக்களைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் பெயர்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பிழை தங்கியிருப்பது 'முதல்', 'தானாக', 'தற்போது' போன்ற சிறு சொற்களில்தான். ஆகவே, திருத்த முன்வருபவர் 'ரோபோ' என்னும் முதன்மைக் கட்டுரையை முழுவதுமாக மாற்றி எழுத முனைய வேண்டாம். குறிப்பிட்ட ஒரு ரோபோவைப் பற்றிய சிறு கட்டுரையை எடுத்துக்கொண்டு, அதில் இத்தகைய சொற்கள் வரும் வாக்கியங்களை ஒவ்வொன்றாகச் சான்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.

'உலகின் முதல்' என்ற தொடரைக் கண்டதும், எதில் முதல், யாருடைய வரையறையின்படி முதல் என்ற இரண்டு கேள்விகளையும் எழுப்ப வேண்டும். யூனிமேட் என்னும் தொழிற்சாலை ரோபோ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதைக் கண்டுபிடித்த ஜார்ஜ் டெவால் அதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1954இல். காப்புரிமை கிடைத்ததும், நியூ ஜெர்சியிலுள்ள ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் அந்த இயந்திரம் சூடான வார்ப்புப் பாகங்களை எடுத்து வைக்கும் பணியில் சேர்ந்ததும் 1961இல். எனவே 'முதல் தொழிற்சாலை ரோபோ 1954இல் உருவானது' என்று ஒரு கட்டுரையும் '1961இல் உருவானது' என்று இன்னொன்றும் சொன்னால், ஒன்றை அழித்து மற்றொன்றை இடுவது திருத்தமாகாது; எந்த ஆண்டில் எது நடந்தது என்று பிரித்து எழுதுவதே திருத்தம். மனித உருவ ரோபோக்களில் சிக்கல் இன்னும் கூடுதல். வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் எலெக்ட்ரோ 1939ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியிலேயே நடந்தும் பேசியும் காட்டியது. ஆனால் அதன் பேச்சு இசைத்தட்டுகளில் முன்பே பதிவு செய்யப்பட்டது. டோக்கியோவின் வசேதா பல்கலைக்கழகம் 1973இல் நிறைவு செய்த வபாட்-1, கணினியால் கட்டுப்படுத்தப்பட்டு, நடக்கவும் பொருள்களைப் பற்றவும் கூடியதாக இருந்தது. இவற்றுள் எது 'முதல் மனித உருவ ரோபோ' என்பது வரையறையைப் பொறுத்தது. அந்தப் பட்டத்தை வழங்குவது யார் என்பதை வாக்கியத்திற்குள்ளேயே சொல்லிவிட வேண்டும். சொல்ல இயலாவிட்டால், பட்டத்தை நீக்கிவிட்டுச் செயலை மட்டும் விவரிக்க வேண்டும்.

துயர நிகழ்வுகளுக்கும் இது பொருந்தும். ரோபோவால் நேர்ந்த முதல் மனித இறப்பாக 1981இல் ஜப்பானில் நடந்த ஒன்றைக் குறிப்பிடும் பழைய செய்திகள் உள்ளன; ஆனால் அதற்கு முன்பே, 1979 ஜனவரி 25 அன்று, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபோர்டு நிறுவனத்தின் ஃபிளாட் ராக் வார்ப்பாலையில் ஒரு தொழிலாளி உயிரிழந்திருந்தார். நாளிதழில் அச்சாகியிருக்கிறது என்பதாலேயே ஒரு 'முதல்' உறுதியாகிவிடாது.

'தானாகச் செயல்படுகிறது' என்பது எழுதுபவர் சிக்கிக்கொள்ளும் இரண்டாவது கண்ணி; என் கணிப்பில், மிகுதியாகத் தவறாகக் கையாளப்படுவது இதுவே. 1970 நவம்பரில் நிலவில் இறங்கிய சோவியத் ஊர்தியான லுனாகோத்-1, பூமியிலிருந்த ஒரு குழுவினரால் ஓட்டப்பட்டது. டா வின்சி அறுவைச் சிகிச்சைக் கருவி எங்கும் ரோபோ என்றே அழைக்கப்பட்டாலும், அதன் கைகள் கட்டுப்பாட்டு மேசையில் அமர்ந்திருக்கும் மருத்துவரின் கையசைவைப் பின்பற்றுகின்றன. 'ரோபோ அறுவைச் சிகிச்சை செய்தது' என்று எழுதினால் வாசகர் மருத்துவரே இல்லை என்று எண்ணிவிடுவார். 2024 அக்டோபரில் டெஸ்லா நடத்திய நிகழ்ச்சியில் விருந்தினரோடு உரையாடிய ஆப்டிமஸ் ரோபோக்களுக்குத் தொலைவிலிருந்து மனிதர்கள் உதவினார்கள் என்பது பின்னர் செய்திகளில் வெளிவந்தது. எனவே கட்டுரையில் ஒரு செயல் குறிப்பிடப்படும்போது, அதைத் தூண்டியது யார், பாதையை வகுத்தது யார், இடையில் நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பவற்றைச் சான்றிலிருந்து எடுத்து எழுத வேண்டும். நிறுவனம் வெளியிட்ட காணொளியைப் பார்த்து நாமே முடிவுக்கு வருவது, விக்கிப்பீடியா ஏற்காத சொந்த ஆய்வாகிவிடும். காணொளியின் வேகம் கூட்டப்பட்டிருக்கலாம், பல முயற்சிகளுள் வெற்றி பெற்றது மட்டும் காட்டப்பட்டிருக்கலாம் என்பதையும் நினைவிற்கொள்வது நலம்.

எண்களுக்கு வருவோம். பன்னாட்டு ரோபோட்டிக்ஸ் கூட்டமைப்பின் ஆண்டறிக்கையே பல கட்டுரைகளுக்கு ஆதாரம். அதன் 2024ஆம் ஆண்டு அறிக்கை தருவது 2023ஆம் ஆண்டின் கணக்கு. அறிக்கையின் தலைப்பிலுள்ள ஆண்டைத் தரவின் ஆண்டாக எழுதிவிடுவது மிக எளிதாக நேரும் பிழை. 2023இல் உலகெங்கும் புதிதாக நிறுவப்பட்ட தொழிற்சாலை ரோபோக்கள் 5,41,302. அவ்வாண்டு பயன்பாட்டில் இருந்தவை 42,81,585. முன்னதை 'உலகிலுள்ள ரோபோக்களின் எண்ணிக்கை' என்று எழுதினால் உண்மை எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பின்னதும் ஒவ்வொன்றாக எண்ணியதன்று. ரோபோ ஒன்று சராசரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைக்கும் என்ற அனுமானத்தில் கணக்கிடப்பட்டது என்பதால், 'மதிப்பீடு' என்ற சொல்லை விடாமல் சேர்க்க வேண்டும். அதே அறிக்கை தென்கொரியாவின் ரோபோ அடர்த்தியாகத் தரும் 1,012 என்ற எண், உற்பத்தித் துறையில் பணிபுரியும் பத்தாயிரம் பேருக்கு இத்தனை ரோபோக்கள் என்பதைக் குறிப்பது. மக்கள்தொகையில் பத்தாயிரம் பேருக்கு அன்று. தமிழில் எழுதுபவருக்கு இன்னுமொரு கவனம் தேவை: 4.28 மில்லியன் என்பது 42.8 இலட்சம். ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால், சரியான சான்று காட்டப்பட்ட வாக்கியமும் பொய்யாகிவிடும்.

'தற்போது', 'அண்மையில்', 'விரைவில்' ஆகியவற்றை நீக்கிவிட்டு ஆண்டையும் மாதத்தையும் இட வேண்டும். ஹோண்டாவின் மனித உருவ ரோபோவான அசிமோ 2000இல் அறிமுகமாகி, 2022 மார்ச்சுடன் பொதுக் காட்சிகளை முடித்துக்கொண்டது. அது இன்னும் நிகழ்காலத்தில் நடந்துகொண்டிருக்கும் கட்டுரைகளில் வினைமுற்றுகளை மாற்ற வேண்டும். பாஸ்டன் டைனமிக்ஸ் நிறுவனத்தின் மனித உருவ ரோபோவான அட்லஸ் 2013இல் வெளியானபோது நீரியல் அழுத்தத்தால் இயங்கியது. 2024 ஏப்ரலில் அது ஓய்வு பெற, அதே பெயரில் மின்சாரத்தால் இயங்கும் வேறொரு ரோபோ வந்தது. இரண்டின் எடையையும் உயரத்தையும் ஒரே தகவல் பெட்டியில் (கட்டுரையின் தொடக்கத்தில் வரும் சுருக்க அட்டவணையில்) கலந்துவிடக் கூடாது. இஸ்ரோ விண்வெளிக்காக உருவாக்கிய பெண் உருவ ரோபோவான வியோமித்ரா 2020 ஜனவரியில் பெங்களூருவில் காட்சிக்கு வந்தபோது, அவ்வாண்டின் இறுதியிலேயே ஆளில்லா விண்கலத்தில் செல்லும் என்று செய்திகள் கூறின. அவ்வாண்டில் அப்பயணம் நடைபெறவில்லை. இத்தகைய அறிவிப்புகளை 'செல்லும்' என்று எழுதாமல், 'இன்ன மாதத்தில் இன்னார் அறிவித்தனர்' என்று எழுதினால், கால அட்டவணை தள்ளிப்போனாலும் வாக்கியம் பிழைபடாது.

சான்றுகளைத் தேர்ந்தெடுப்பதில், நிறுவனத்தின் செய்திக் குறிப்பு ரோபோவின் உயரத்திற்கும் வெளியீட்டு நாளுக்கும் போதும்; திறனுக்குப் போதாது. திறனைச் சொல்ல, சக ஆய்வாளர்களின் மதிப்பாய்வைக் கடந்த கட்டுரையோ அந்நிறுவனத்தைச் சாராத செய்தியாளரின் நேரடிப் பதிவோ வேண்டும். சில இணையத்தளங்கள் விக்கிப்பீடியாவிலிருந்தே எடுத்து எழுதுகின்றன. அவற்றைத் திரும்பச் சான்றாகக் காட்டினால் பிழை தனக்குத்தானே சாட்சி சொல்லும். பக்கத்தின் வரலாற்றைத் திறந்து, அந்த வாக்கியம் எந்த நாளில் சேர்க்கப்பட்டது என்று பார்த்து, சான்று அதற்குப் பிந்தையதாக இருந்தால் ஐயுற வேண்டும். ஆங்கிலக் கட்டுரையிலிருந்து மொழிபெயர்ப்பவர், அதிலுள்ள அடிக்குறிப்புகளைப் படித்துப் பார்க்காமல் அப்படியே பெயர்த்து வைப்பது, தாம் காணாததற்குக் கையொப்பமிடுவதாகும். மொழிபெயர்ப்பு முடிந்த பின் மூலக் கட்டுரை திருத்தப்பட்டிருக்கிறதா என்பதையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

ரோபோவை உருவாக்கிய நிறுவனத்திலோ கல்லூரிக் குழுவிலோ இருப்பவர் அக்கட்டுரையைத் தாமே திருத்தாமல், தம் தொடர்பை வெளிப்படையாகக் கூறி, கட்டுரையைப் பற்றிக் கலந்துரையாடுவதற்கான பேச்சுப் பக்கத்தில் மாற்றத்தை முன்மொழிய வேண்டும். மற்றவர்கள் நேரடியாகத் திருத்தலாம். ஒரு சேமிப்பில் ஒரு கூற்றை மட்டும் மாற்றி, காரணத்தைத் தொகுப்புச் சுருக்கத்தில் (சேமிக்கும்போது இடும் சிறு குறிப்பில்) குறிப்பிட்டால், பின்னால் வருபவர் சரிபார்ப்பது எளிது. சான்றில்லாத வாக்கியம் உண்மையாக இருக்க வாய்ப்புண்டு என்று தோன்றினால், உடனே நீக்காமல் 'சான்று தேவை' என்ற குறிப்பை இடலாம். உயிருடன் இருக்கும் ஒருவரைப் பற்றிய பழியாக இருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டியதில்லை. திருத்தத்தை வேறொருவர் நீக்கிப் பழைய நிலைக்கே மீளமைத்துவிட்டால், மறுபடியும் மாற்றிப் போட்டியிடாமல், சான்றின் பக்க எண்ணையும் அதில் தொடர்புடைய ஓரிரு வரிகளையும் பேச்சுப் பக்கத்தில் எடுத்து வைத்து, மறுமொழி வர அவகாசம் தர வேண்டும்.