போர் நாவல்: ‘சார், இது நிஜமாவே நடந்துச்சு’

போன மாதம் மூன்று கையெழுத்துப் பிரதிகள் வந்தன. மூன்றுமே ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர்கள் எழுதியவை. மூன்றிலும் நான் ஒரு காலத்தில் அடித்த அதே கூத்து. சந்திப்பிழையை விடுங்கள், அதைத் திருத்த ஆள் கிடைப்பார்கள்.

‘அப்படித்தான் நடந்தது’

இந்த அத்தியாயம் நகரவே இல்லையே என்று கேட்டால் உடனே வரும் பதில் இது. கேட்டாலே எரிச்சல் வருகிறது. நடந்திருக்கலாம், படிப்பவருக்கு அதனால் என்ன?

நானும் அப்படிச் சொன்னவன்தான். என் முதல் வரைவில் பிளட்டூனின் முப்பது பேரும் பெயர், ஊரோடு வந்தார்கள். ஒருவனை விட்டாலும் துரோகம் மாதிரி இருந்தது. ரோந்துப் பாதை, பட்டாளத்துச் சமையற்கூடமான லங்கரில் அன்றைக்கு என்ன பருப்பு, எல்லாம் டைரியில் இருந்தபடியே. படித்த நண்பர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “142ஆம் பக்கத்துல செத்துப்போறது யாரு?” இரண்டு வருடம் என் பக்கத்துக் கட்டிலில் படுத்தவன். அந்த நெரிசலில் அவன் முகமே தெரியவில்லை. அப்போதும் திருத்தாமல் கைக்காசு போட்டு ஐந்நூறு பிரதி அச்சடித்தேன். பாதிக்கு மேல் இன்னும் பரணில்.

ஜெர்மன் எழுத்தாளர் ரெமார்க்கைப் பாருங்கள். முதல் உலகப் போரில் 1917 ஜூனில் போர்முனைக்குப் போனார். ஜூலை 31 அன்று குண்டுச் சிதறல் பட்டு மருத்துவமனைக்குப் போனார். இரண்டு மாதம்கூட இல்லை. 1929இல் புத்தகமாக வந்த அவருடைய ‘ஆல் குவயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’ நாவலில் கதைசொல்லி பால் 1918 அக்டோபரில் சாகிறான். எழுதியவரோ 1970 வரை இருந்தார். அதில் கெம்மெரிக்கின் பூட்ஸ் முல்லருக்குப் போகிறது, அவனும் செத்ததும் பாலுக்கு வருகிறது. ஒரு ஜோடி பூட்ஸ், மூன்று பேரையும் நாம் மறப்பதில்லை. ஹெமிங்வே இன்னும் மோசம்! அதே போரில் இத்தாலியப் படை கபரெட்டோவில் தோற்றுப் பின்வாங்கியதை ‘எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’ நாவலில் அவ்வளவு நெருக்கமாக எழுதியவர், 1917இல் அது நடந்தபோது அமெரிக்காவில், கான்சாஸ் சிட்டியில் பத்திரிகை நிருபர். இத்தாலிக்குப் போனதே அடுத்த வருடம்தான்.

நாயகன் நீங்களேவா?

ஒரு இடத்திலாவது பயந்து ஓடுங்கள்.

சுருக்கெழுத்துகள்

ஓபி, எல்எம்ஜி, சிஎச்எம் என்று பட்டாளத்துக்கு மட்டும் புரிகிற சுருக்கங்கள்... பக்கத்துக்கு ஒன்று போதும்.

எதிரி

வெறும் ‘அவர்கள்’ என்று விடாதீர்கள். ரெமார்க்கின் நாயகன் பால், குண்டுக்குழியில் தான் குத்திக் கொன்ற பிரெஞ்சுக்காரனின் பர்ஸைத் திறக்கிறான். பெயர் டுவால், அச்சுக்கோப்பவன். அதற்கப்புறம் அவனால் அந்த ஆளை எதிரி என்று நினைக்க முடிகிறதா?

அனுமதி

இன்னும் பணியில் இருந்தால், புத்தகம் போட மேலிடத்தில் முதலில் அதை வாங்குங்கள்.

மூன்றாவது பிரதிக்காரர் போனில் பேசிக்கொண்டிருந்தபோது போகிற போக்கில் ஒன்று சொன்னார். இறந்துபோன நண்பனின் இரும்புப் பெட்டியை அவன் ஊருக்குக் கொண்டுபோனாராம். சாவி இல்லை. திண்ணையில் வைத்துப் பூட்டை உடைத்தார்கள். உடைந்த பூட்டை அப்பா கேட்டு வாங்கி மடியில் முடிந்துகொண்டாராம், சரிசெய்துகொள்ளலாம் என்று.

நானூறு பக்கத்தில் இது எங்கேயும் இல்லை. ஏன் எழுதவில்லை என்றேன்.

“அது போர் இல்லையே சார்.”