சேலை, லுங்கி, பனியன்: எது எந்த வாசலுக்கு மிதியடி?

ஈரோட்டுப் பக்கம் துணி சேராத வீடு கிடையாது. நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள் என்பதால் எங்கள் வீட்டில் இரண்டு மடங்கு சேரும். மெஷினுக்குக் கீழே ஒரு சாக்கு நிறைய வெட்டுத்துணி, பீரோவுக்கு மேலே கட்டிப்போட்ட பழைய துணி மூட்டை. பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவர் தெருவில் வந்தால் அந்த மூட்டைக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி தருவார். அதற்கும் முன்னால் எந்தச் சேலையிலாவது ஜரிகை இருக்கிறதா என்று புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். அதே மூட்டையில் வீட்டு வாசல் அத்தனைக்கும் மிதியடி இருக்கிறது.

சடை பின்னத் தெரிந்த யாரும் மிதியடி பின்னிவிடலாம். பின்னுவதில் யாரும் தடுக்கி விழுவதில்லை. வேலை கெடுவது துணியைத் தேர்ந்தெடுக்கும்போதும், பின்னியதைச் சுற்றித் தைக்கும்போதும்தான். அந்த இரண்டையும் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் இது எந்த வாசலுக்கு என்று முடிவு செய்துகொள்ளுங்கள். குளியலறை வாசலுக்குத் தண்ணீரை உறிஞ்சுகிற துணி வேண்டும். அதற்குப் பருத்தி பனியனையும் பழைய துண்டையும் மிஞ்ச எதுவும் இல்லை. தெருவாசலில் மண்ணும் செருப்பும் படும். அங்கே ஜீன்ஸ், காக்கி பேண்ட் போன்ற முரட்டுத் துணி தாங்கும். கட்டிலுக்குப் பக்கத்தில், சாமி அறை முன்னால், பாதத்துக்கு இதமாக இருக்க வேண்டிய இடங்களில் நைந்து மெத்தென்று ஆன காட்டன் சேலையும் லுங்கியும். சிந்தெடிக் சேலை, ஷிபான் துப்பட்டா இவை பார்க்க அழகாகப் பின்ன வரும். ஆனால் தண்ணீரை உறிஞ்சாது, டைல்ஸ் தரையில் சறுக்கும். வயசானவர்கள் இருக்கும் வீட்டில் அதைத் தரையில் போடவே போடாதீர்கள். லெக்கின்ஸும் வேண்டாம். அது இழுபடும், பின்னும்போது இழுபட்டது பிறகு சுருங்கும், மிதியடி நடுவில் குழியும்.

காட்டனா, கலப்பா என்று தெரியாவிட்டால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, பாத்திரம் கழுவும் தொட்டிமேல் வைத்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிர்கிற சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, முனையில் கெட்டியாக ஒரு மணி நிற்கும். இரண்டையும் ஒரே மிதியடியில் கலக்காதீர்கள். துவைத்தால் ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது.

சாயம் போகிற துணியைத் தனியாக எடுத்து வையுங்கள். சுங்குடிச் சேலையில் சிவப்பும் கருநீலமும் எத்தனை வருஷம் கட்டினாலும் கொஞ்சம் விட்டுக்கொண்டே இருக்கும். கல்லுப்பில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். நின்று நான் பார்த்ததில்லை. தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். அப்படியும் விட்டால் அதே நிறத்தை மட்டும் வைத்து ஒரு மிதியடி போட்டுவிடுங்கள். வெள்ளை வேட்டியோடு சேர்க்கவே கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது, அது எங்கள் அத்தை வைத்த சட்டம். நைட்டியை மிதிக்கலாம், லுங்கியை மிதிக்கலாம், ஆனால் கூரைச்சேலையும் இறந்து போனவர்கள் கட்டிய துணியும் காலுக்குக் கீழே போகக் கூடாது. மாமனார் வேட்டியை நான் ஒருமுறை கையில் எடுத்தபோது, “அதைய எதுக்கு கண்ணு கால்ல போடறே?” என்று கேட்டார்கள். அந்த வேட்டி சாமி கும்பிடும்போது உட்காருகிற விரிப்பானது. பின்னும் முறை ஒன்றுதான், அடியில் மட்டும் ஒரு துணி வைத்துத் தைத்தேன். பவானி ஜமக்காளம் கிழிந்தது வீட்டில் இருந்தால் அந்த அடித்துணிக்கு அதைவிட நல்லது கிடையாது. ஈரம் படுகிற மிதியடிக்கு மட்டும் அடித்துணி வைக்காதீர்கள். உள்ளே ஈரம் நின்று ஐப்பசி மாதத்தில் வீடே நாறும்.

துணியைக் கிழிப்பதற்கு முன் ஹூக், பட்டன், ஜிப் எல்லாவற்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். சேலையில் ஃபால்ஸ் இருந்தால் பிரித்துவிட வேண்டும். ஜரிகைக் கரையை வெட்டி எடுத்துவிடுங்கள், பாதத்தில் உறுத்தும். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விரலால் அழுத்தினாலே விரிகிற இடங்களையும் ஒதுக்கிவிடுங்கள். அது அடுப்படி துடைக்க ஆகும், மிதிபடத் தாங்காது.

காட்டன் சேலையை வெட்ட வேண்டாம், கிழிக்கலாம். அகலப் பக்க ஓரத்தில் நாலு அங்குலத்துக்கு ஒன்றாகக் கத்தரியால் சின்ன வெட்டுப் போட்டு நீளவாக்கில் இழுத்தால் நூல் பிடித்து நேராகக் கிழியும். ஐந்தரை மீட்டர் சேலையில் ஐந்தரை மீட்டர் நீளமுள்ள பட்டைகள் பத்துப் பதினொன்று வரும். திண்ணையில் உட்கார்ந்து, மூக்கில் ஒரு துணி கட்டிக்கொண்டு கிழியுங்கள். பறக்கிற பஞ்சு சாப்பாட்டு அறை வரை போகும். நைட்டித் துணிக்கு மூன்று அங்குலம், ஜீன்ஸுக்கு ஒன்றரை அங்குலம் போதும். ஜீன்ஸை வெட்டித்தான் ஆக வேண்டும், அதற்கு நல்ல கத்தரியை எடுக்காதீர்கள்.

மூட்டிய லுங்கி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். மூட்டுத் தையலைப் பிரிக்காமல் கீழ் ஓரத்தில் சாய்வாக வெட்டத் தொடங்கி, மூன்று அங்குல அகலத்துக்கு வந்ததும் அப்படியே சுற்றிச் சுற்றி மேலே வரை வெட்டிக்கொண்டே போனால் முழு லுங்கியும் ஒரே பட்டையாக வரும். இரண்டு மீட்டர் சுற்று, பதினைந்து சுற்று, ஏறக்குறைய முப்பது மீட்டர், நடுவில் ஒரு இணைப்பும் இல்லாமல். பனியனும் அப்படித்தான்: கைக்குக் கீழே குறுக்காக வெட்டி, அந்தக் குழாயைச் சுற்றி வெட்டி, பட்டையை இரண்டு கையாலும் இழுத்துவிடுங்கள். ஓரம் தானாக உள்ளே சுருண்டு கயிறாகிவிடும். உடம்புப் பக்கத்தில் தையல் இல்லாத பனியன் என்றால் இன்னும் நல்லது.

எவ்வளவு துணி வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. இரண்டடி வட்ட மிதியடிக்கு, இரண்டு செண்டிமீட்டர் அகலப் பின்னல் சுமார் பதினான்கு மீட்டர் வேண்டும். பின்னும்போது நீளம் குறையும், அதனால் ஒவ்வொரு பட்டையும் இருபது மீட்டர், மூன்று பட்டைக்கு அறுபது. ஒரு முழுக் காட்டன் சேலை சரியாக இருக்கும். நைந்த இடத்தை ஒதுக்கியிருந்தால் கூடவே ஒரு லுங்கியை வைத்துக்கொள்ளுங்கள். துணிக்குத் துணி கனம் மாறும், ஆகவே இது கடைசி அங்குலம் வரை பிசகாத கணக்கு இல்லை.

பட்டையோடு பட்டை சேர்க்க ஊசி வேண்டாம். இரண்டு பட்டையின் நுனியிலும், ஓரத்திலிருந்து ஒரு அங்குலம் தள்ளி, நீளவாக்கில் அரை அங்குல வெட்டுப் போடுங்கள், பட்டன் துளை அளவுக்கு. பழைய பட்டையின் நுனியைப் புதிய பட்டையின் துளைக்குள் விடுங்கள். பிறகு புதிய பட்டையின் மறுமுனையைப் பழைய பட்டையின் துளைக்குள் விட்டு, முழுவதையும் உருவி இழுங்கள். முடிச்சு தட்டையாக உட்கார்ந்துகொள்ளும், காலில் தட்டுப்படாது. மூன்று பட்டைக்கும் இணைப்பு ஒரே இடத்தில் வந்தால் அங்கே புடைக்கும்; ஆகவே தொடங்கும்போதே ஒன்று இரண்டு முழம், ஒன்று மூன்று முழம், ஒன்று நாலு முழம் என்று நீளத்தை மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள். இணைக்க இணைக்கப் பின்னுவதே நல்லது. முழு நீளத்தையும் ஒன்றாக வைத்துக்கொண்டால் சிக்கெடுத்தே பொழுது போகும். லுங்கிப் பட்டை மாதிரி நீளமாக இருப்பதை உருண்டையாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள்.

மூன்று நுனியையும் சேர்த்துத் தைத்து ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். பட்டையின் இரண்டு ஓரத்தையும் நடுவுக்கு மடித்து, மறுபடி பாதியாக மடித்தால் பிசிறு உள்ளே போய்விடும். இந்த மடிப்பை இஸ்திரி போட்டுச் செய்ய வேண்டாம், பின்னப் பின்னக் கட்டைவிரலே மடித்துக்கொள்ளும். பின்னலுக்குள் சுண்டுவிரல் நுழையக் கூடாது, ஆனால் கோணி ஊசி தடையில்லாமல் போக வேண்டும், இறுக்கம் அவ்வளவுதான். ஒருவர் கை இறுக்கம் இன்னொருவருக்கு வராது. ஒரு மிதியடியை ஒரே ஆள் பின்னி முடிப்பது நல்லது. எழுந்து போகும்போது துணி கிளிப் ஒன்றை மாட்டிவிட்டுப் போங்கள்.

இனி சுற்றித் தைப்பது. இதை மடியில் வைத்துச் செய்யக் கூடாது. தரையில் உட்கார்ந்து, பின்னலைத் தரையில் படுக்கப் போட்டுத்தான் தைக்க வேண்டும். மடியில் வைத்தால் மடியின் வளைவு மிதியடிக்கும் வந்துவிடும். நூலுக்குச் செருப்புத் தைக்கிற மெழுகு நூல் வாங்கிக்கொள்ளுங்கள். பூக்கட்டும் நூல் அறுந்துவிடும், மீன்பிடி நரம்பு துணியையே அறுக்கும். கோணி ஊசியின் கூர்முனை துணியைக் குத்தி நூலைப் பிரிக்கும், அதனால் நூல் கோர்த்த காதுப் பக்கத்தை முன்னால் விட்டுத் தையுங்கள். உள்சுற்றில் பின்னலின் ஒரு கண்ணி, வெளிச்சுற்றில் எதிரே உள்ள கண்ணி, மறுபடி உள்சுற்று என்று மாற்றி மாற்றிப் போனால் நூல் இரண்டு பின்னலுக்கும் நடுவில் மறைந்துவிடும். மேலே தையலே தெரியாது.

வளைவில்தான் சூட்சுமம். வெளிச்சுற்று எப்போதும் உள்சுற்றைவிடப் பெரியது. கண்ணிக்குக் கண்ணி தைத்தால் வெளிச்சுற்று இழுத்துப் பிடித்து ஓரம் மேலே எழும். எனவே வளைவில் அங்கங்கே வெளிப்பின்னலில் ஒரு கண்ணியைத் தாண்டிவிட்டு அடுத்ததில் கோருங்கள். நடுவில், முதல் இரண்டு மூன்று சுற்றில், அடிக்கடி தாண்ட வேண்டியிருக்கும். வெளியே போகப் போகக் குறையும். தேவைக்கு மேல் தாண்டினால் ஓரம் பொரித்த அப்பளம் மாதிரி அலையடிக்கும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் உள்ளங்கையை விரித்து மேலே தடவிப் பாருங்கள். எங்காவது தூக்கினால் அந்தச் சுற்றை மட்டும் அப்போதே பிரித்துவிடுங்கள். மிதித்து மிதித்துச் சரியாகிவிடும் என்று விட்டால் சரியாகாது, அந்த ஓரத்தில்தான் கால் தட்டும்.

நிலைவாசலுக்கு வட்டத்தைவிட நீள்வட்டம் பொருந்தும். நடுவில் வைக்கும் நேர்ப்பின்னலின் அளவு, மிதியடியின் நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்தால் வருவது. மூன்றடிக்கு இரண்டடி வேண்டும் என்றால் ஓரடி நேராக வைத்து, அங்கே திருப்பிச் சுற்றத் தொடங்குங்கள். இதில் கண்ணி தாண்டுவது இரண்டு முனை வளைவிலும் மட்டும்; நேர்ப்பக்கத்தில் கண்ணிக்குக் கண்ணி.

முடிக்கும்போது கடைசி ஒரு முழத்துக்குப் பட்டைகளைச் சிறிது சிறிதாக ஒடுக்கி வெட்டிப் பின்னுங்கள். வால் மெலிந்து உள்சுற்றோடு ஒட்டிப் போகும். நுனிகளை ஊசியால் பக்கத்துக் கண்ணிகளுக்குள் சொருகி ரெண்டு தையல் போட்டுவிடுங்கள்.

பனியன் கயிற்றைக் குரோஷா ஊசியால் போடுவது இன்னும் வேகம். பத்து மில்லிமீட்டர் ஊசி, சாதாரண ஒற்றைக் கண்ணி, அவ்வளவுதான். தைக்கிற வேலையே இல்லை. குளியலறைக்கு நான் அதைத்தான் போடுகிறேன். ஆனால் தெருவாசலுக்குப் போட்டால் கண்ணிக்குள் மண் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

டைல்ஸிலும் மொசைக்கிலும் எந்தத் துணி மிதியடியும் நகரும். கடையில் கிடைக்கிற ரப்பர் வலையை அளவாக வெட்டி அடியில் போடலாம். பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி அடியில் தைத்தாலும் பிடித்து நிற்கும், வெள்ளைத் தரையில் மட்டும் கறுப்புத் தடம் விழும்.

துவைக்கும்போது தண்ணீர் குடித்துப் பெரிய கனம் கனக்கும். கொடியில் தொங்கப் போட்டால் வடிவம் நீண்டுவிடும். மொட்டைமாடிச் சுவரில் படுக்கப் போட்டு, ஒரு பக்கம் காய்ந்ததும் புரட்டிப் போடுங்கள். முதலில் தேய்வது எப்போதும் வெளிச்சுற்றுதான். அந்த ஒரு சுற்றை மட்டும் பிரித்து எடுத்துவிட்டு, அடுத்த சேலையில் புதிதாக ஒரு சுற்றுப் பின்னித் தைத்துக்கொள்ளலாம்.