கடல் ஆற்றல் பொறியியலுக்கு வருவோர் செய்யும் பிழைகள்

கடலிலிருந்து மின்சாரம் எடுக்கும் துறையை நாடும் மாணவர் பலர், ஓதம் (கடல்நீரின் ஏற்றவற்றம்), அலை, கடல் வெப்பம் ஆகிய மூன்றையும் ஒரே தொழிலாக எண்ணி விடுகின்றனர். பிரான்சில் 1966 முதல் இயங்கிவரும் 240 மெகாவாட் லா ரான்ஸ் ஓத மின்நிலையம், கழிமுகத்தின் குறுக்கே கட்டப்பட்ட ஓர் அணையே ஆதலால், அங்கே கைகொடுப்பது கட்டுமானமும் நீர்மின் அனுபவமும்தான். ஸ்காட்லாந்தின் பென்ட்லண்ட் நீரிணையில் கடலடியில் ஓத நீரோட்டத்தால் சுழலும் மேய்ஜென் திட்டத்தின் சுழலிகளுக்கு (டர்பைன்களுக்கு) அணையே கிடையாது. மேல்நீருக்கும் ஆழ்நீருக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைக் கொண்டு இயங்கும் கடல் வெப்ப நிலையமோ வெப்பப் பரிமாற்றிகளைச் சார்ந்தது. இவற்றுள் எது தமக்கு உகந்தது என்று தீர்மானிக்காமல் முதுநிலைப் படிப்பில் சேருவது பணவிரயம்.

சொந்தக் கரையைப் பற்றிய மிகை நம்பிக்கை அடுத்த பிழை. சென்னைக் கரையில் ஏற்றவற்ற வேறுபாடு ஏறக்குறைய 1 மீட்டர்தான். அதைக் கொண்டு ஓத மின்நிலையம் அமைக்க இயலாது. அதற்கு வாய்ப்புள்ள குஜராத்திலும் 2011-இல் அறிவிக்கப்பட்ட 50 மெகாவாட் திட்டம் நிறைவேறவில்லை. எனவே ஓதத்தையே விரும்புவோர் வெளிநாடு செல்லத் துணிய வேண்டும். இங்கேயே இருக்க விரும்புவோருக்குப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகமும், 2022-இல் தூத்துக்குடிக் கடலில் சிந்துஜா-1 என்னும் அலை ஆற்றல் கருவியைச் சோதித்த சென்னை ஐஐடியும் உள்ளன.

என் கணிப்பில் இவற்றையெல்லாம்விடப் பெரிய பிழை, சுழலியை மட்டும் படித்துவிட்டுக் கடலைப் படிக்காமல் விடுவதாகும். நீரோட்டத்தின் ஆற்றல் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது என்பதால், வினாடிக்கு 2 மீட்டராக இருந்த வேகம் 2.5 மீட்டரானால் கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. ஆகவே இடத்தை அளப்பதில் நேரும் சிறு பிழையும் திட்டத்தையே கவிழ்த்துவிடும். தூத்துக்குடிக்கு அப்பால் நிறுவ முயன்ற 1 மெகாவாட் சாகர் சக்தி கடல் வெப்ப நிலையம் முடங்கியதற்குக் காரணம், ஆழத்திலிருந்து குளிர்நீரை மேலேற்றும் நீண்ட குழாயை இறக்குவதில் நேர்ந்த தோல்வி. குழாய், நங்கூரம், கடலடிக் கம்பி ஆகியவற்றைத் துணைப்பாடங்களாகக் கருதுவோர் இதை நினைவிற்கொள்க. ஓர் எஃகுத் தகட்டைத் துறைமுகச் சுவரோரம் சில மாதம் தொங்கவிட்டு எடுத்துப் பார்த்தால், அடியில் துருவும், மேலே பாசியும், ஓட்டுடன் ஒட்டி வளர்ந்து விரலைக் கீறும் கொட்டலசு என்னும் கடலுயிருமாக அது அடையாளமே மாறியிருக்கும். சுழலியின் இறக்கையும் அப்படித்தான் ஆகும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்யவோ, நீரோட்டம் அடங்கி நிற்கும் சிறிது நேரமே கிடைக்கும். ஓதம் வலுக்கும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்த இடைவெளி மேலும் சுருங்கும்.

ஒரே நிறுவனத்தை நம்பி வாழ்க்கையைத் திட்டமிடுவதும் ஆபத்தே. 2004-இல் கடலலை மின்சாரத்தை மின்தொகுப்பில் சேர்த்துப் புகழ்பெற்ற பெலாமிஸ் நிறுவனம், 2014-இல் நொடித்துப்போனது. கட்டமைப்புச் சோர்வு (மீண்டும் மீண்டும் விழும் விசையால் கட்டமைப்பு பலவீனமடைவது), அரிப்புத் தடுப்பு, நங்கூரக் கணக்கீடு ஆகியவற்றைக் கற்றவருக்குக் கடல் காற்றாலையிலும் துறைமுகப் பணியிலும் இடம் கிடைக்கும்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு முழுநாள் படகில் சென்று வருவதும் நல்லது. படகில் தலைசுற்றலும் குமட்டலும் வரும் கடல் ஒவ்வாமை இருப்பதாகத் தெரியவந்தால் துறையை விட வேண்டியதில்லை. கரையில் அமர்ந்து செய்யும் கணினி மாதிரிக் கணக்கீட்டு வேலையைத் தொடக்கத்திலேயே தேர்ந்துகொள்ளலாம்.