20 கிலோபைட் ரேம் எங்கே போகிறது? ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புளூ பில் போர்டில் இருக்கும் எஸ்டிஎம்32 எஃப்103 சிப்பில் ரேம் மொத்தமே 20 கிலோபைட். அதில் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற சிறிய இயங்குதளத்தைப் போட்டு நாலைந்து டாஸ்க் (தனித்தனியாக ஓடும் வேலைகள்) எழுதியதும் இடம் போதாமல் போனால், பலரும் இயங்குதளத்தின் மையமான கெர்னல்தான் தின்றுவிட்டது என்பார்கள். கெர்னல் தனக்கென்று எடுத்துக்கொள்வது சில நூறு பைட்தான். மற்றதெல்லாம் நாமே கேட்டு வாங்கியது, அதிலும் பெரும்பங்கு டாஸ்க்குகளின் ஸ்டாக், அதாவது ஒவ்வொரு டாஸ்க்கும் தன் லோக்கல் மாறிகளை வைத்துக்கொள்ளும் இடம்.

தவறு தொடங்கும் இடமும் அதுவே. டாஸ்க்கை உருவாக்கும்போது நாம் கொடுக்கும் ஸ்டாக் அளவு பைட் கணக்கு அல்ல, வேர்டு கணக்கு. இந்தச் சிப்பின் ப்ராசஸரான கார்டெக்ஸ் எம்3இல் ஒரு வேர்டு 4 பைட். 1024 என்று எழுதினால் 4096 பைட் போய்விடும். ஐந்து டாஸ்க்குக்கு அப்படியே எழுதிப் பாருங்கள்: 20,480 பைட். சிப்பின் மொத்த ரேமும் அவ்வளவுதான்! இதன் மறுபக்கமும் உண்டு. ஈஎஸ்பி32 சிப்புக்கான ஈஎஸ்பி-ஐடிஎஃப் மென்பொருள் தொகுப்பில் அதே எண் பைட் கணக்கு. எஸ்டிஎம்மில் 512 கொடுத்து நன்றாக ஓடிய டாஸ்க், அங்கே கால்வாசி ஸ்டாக்கோடு தொடங்கி விழுந்துவிடும்.

சரி, எவ்வளவுதான் கொடுப்பது? குத்துமதிப்பாக ஒரு எண் போடாதீர்கள், அளந்து பாருங்கள். டாஸ்க் பிறக்கும்போது அதன் ஸ்டாக் முழுவதையும் 0xA5 என்ற மதிப்பால் நிரப்பிவைக்கலாம். இதுவரை தொடப்படாத பகுதி எவ்வளவு என்று எண்ணிச் சொல்வது ஹை வாட்டர் மார்க் ஃபங்ஷன். எஃப்103இல் அந்த விடையும் வேர்டில்தான் வரும். ஆனால் போர்டை மேசையில் வைத்து இரண்டு நிமிடம் ஓட்டி எடுத்த எண்ணை நம்ப வேண்டாம். என் டாஸ்க் ஒன்றில் பிழை வந்தால் மட்டும் ஓடும் ஒரு பிரிண்ட்எஃப் இருந்தது. சோதனையில் அந்தப் பிழை ஒருமுறைகூட வரவில்லை. வந்த நாளில் ஸ்டாக் நிரம்பி வழிந்து, பக்கத்தில் இருந்த குயூவின் (டாஸ்க்குகள் செய்தி பரிமாறும் வரிசை) தரவை அழித்துவிட்டது. நான் இரண்டு நாள் அந்தக் குயூவையே சந்தேகப்பட்டுக் கொண்டிருந்தேன். பிழை வழிகள், மிக நீளமான செய்தி, எல்லாவற்றையும் வேண்டுமென்றே ஓடவிட்ட பிறகு அளவெடுங்கள். ஸ்டாக் வழிதலைக் கண்டுபிடிக்கும் சோதனையையும் ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் அமைப்புக் கோப்பில் 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது டாஸ்க் மாறும் நேரத்தில் ஸ்டாக்கின் கடைசிச் சில பைட்டுகளை மட்டுமே பார்க்கும். பெரிய லோக்கல் அரே ஒன்று அந்த இடத்தைத் தொடாமலே தாண்டிப் போய் எழுதலாம்.

பிரிண்ட்எஃப்பில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நியூலிப் என்ற சி நூலகத்தின் பிரிண்ட்எஃப் தசம எண்களை அச்சிடும்போது மாலாக்கை அழைத்து, ஹீப்பில் (ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகம்) இடம் எடுக்கும். வழக்கமாக அந்த ஹீப் வேறு, ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் ஹீப் வேறு. ஒன்றுக்கு மட்டும் கணக்குப் போட்டால் மற்றது கவிழ்த்துவிடும்.

ஃப்ரீஆர்டிஓஎஸ் ஹீப்பிலும் ஐந்து வகை உண்டு. ஹீப்_1 வாங்கியதைத் திருப்பித் தராது. ஹீப்_2 திருப்பித் தரும், ஆனால் அடுத்தடுத்த காலித் துண்டுகளை ஒட்டாது. ஆகவே வெவ்வேறு அளவில் வாங்கி விட்டுக்கொண்டே இருந்தால் துண்டு துண்டாகிவிடும். ஹீப்_4 ஒட்டும், பெரும்பாலான வேலைக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. அப்புறம், தன்னைத் தானே நீக்கிக்கொள்ளும் டாஸ்க்கின் நினைவகத்தை விடுவிப்பது, வேறு வேலை இல்லாதபோது ஓடும் ஐடில் டாஸ்க். ஏதாவது ஒரு டாஸ்க் காத்திருக்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் ஐடிலுக்கு முறையே வராது, அந்த இடமும் திரும்பி வராது.

பில்டு முடிந்ததும் ரேம் 90 சதவீதம் நிரம்பிவிட்டது என்று காட்டுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஹீப் முழுவதும் ஒரே அரேயாக அதில் எண்ணப்பட்டிருக்கும். உள்ளே எவ்வளவு மிச்சம் என்பதை, ஹீப்_4இல் இதுவரை மிகக் குறைவாக இருந்த காலி இடத்தைச் சொல்லும் ஃபங்ஷனிடம் கேளுங்கள். மாறாத அட்டவணைகளுக்கு கான்ஸ்ட் போட மறந்தால் அவை ஃபிளாஷோடு ரேமிலும் இடம் பிடிக்கும். குயூ தரவை நகலெடுத்து வைப்பது, எனவே 128 பைட் செய்தி பத்துக்கு 1280 பைட் ஒதுக்கியாக வேண்டும்.

மெயினுக்குள் ஒரு லோக்கல் ஸ்ட்ரக்ட் வைத்து, அதன் முகவரியை டாஸ்க்குக்கு அனுப்புவதும் அடிக்கடி நடக்கிறது. கார்டெக்ஸ் எம்3இல் டாஸ்க்குகளை மாற்றி மாற்றி ஓட்டும் ஷெட்யூலர் தொடங்கியதும் மெயினின் ஸ்டாக் இன்டரப்டுகளுக்கு (வன்பொருள் இடையில் அழைக்கும் வேலைகள்) போய்விடும். முதல் இன்டரப்ட் வந்ததுமே அந்த ஸ்ட்ரக்ட்டில் குப்பை விழத் தொடங்கலாம். அந்த ஸ்ட்ரக்ட்டின் அறிவிப்புக்கு முன்னால் ஸ்டாட்டிக் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும்.